ட்ரவுட் நிற்கும் இடம்

தவளக்குப்பம்

அன்புள்ள கயல்,

பள்ளிக்கூடத்திலிருந்து ஊட்டி போகிறீர்களாம், அவலாஞ்சியும் உண்டாம். உன் அம்மா சொன்னாள். அங்கே ட்ரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 1907 வாக்கில் எச். சி. வில்சன்தான் ரெயின்போ ட்ரவுட்டை அங்கே நிலைக்க வைத்தார். வட அமெரிக்காவின் மேற்குக் கரை அதன் சொந்த ஊர். தொட்டி மீனைப் பார்த்ததோடு பஸ் ஏறிவிடாதே. வழியில் ஓடை வந்தால், டீச்சரிடம் கேட்டுப் பத்து நிமிஷம் கரையில் உட்கார்.

நம் சுண்ணாம்பாற்றில் ஓதம் ஏறும், வற்றும். மீனும் கூடவே போய்வரும். மலை ஓடையில் தண்ணீர் ஓயாமல் ஒரே பக்கம் இழுக்கும். நாளெல்லாம் எதிர்த்து நீந்தினால் தின்றதெல்லாம் அதற்கே சரியாகிவிடும். அதனால் ட்ரவுட் இடம் பார்த்து நிற்கும்.

ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார். நடு ஓட்டத்தில் விரைந்து போகும். பாறைக்குப் பின்னால் மாட்டினால் மெல்லச் சுழலும். அந்த இரண்டு நீரும் உரசும் விளிம்பில்தான் மீன் இருக்கும், மூக்கு மேற்கு கிழக்கு பார்க்காமல் எப்போதும் ஓட்டத்துக்கு எதிரே. நுரை போகும் கோட்டில்தான் பூச்சி மிதந்து வரும். சட்டென்று பாய்ந்து கவ்வும். மறுநொடி பழைய இடத்துக்கே வந்துவிடும். நல்ல இடத்தைப் பெரிய மீன் பிடித்துக்கொள்ளும். குஞ்சுகளுக்குக் கரையோர ஆழமில்லாத நீர்தான். வெயில் ஏறினால் பெரியவை மடுவுக்கோ, கரை குடைந்த நிழலுக்கோ ஒதுங்கும்.

முட்டையிட வேறு இடம் வேண்டும். பெண் மீன் வாலால் அடித்துக் கூழாங்கல்லில் குழி பறிக்கும். முட்டைகளைக் கல்லால் மூடும். கல் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. மேட்டு நிலத்து மண் மழையில் கரைந்து வந்து அந்த இடுக்கை அடைத்தால் முட்டை அத்தனையும் சாகும். ஓடைக்கரை மரத்தை வெட்டாதீர்கள் என்று நான் கத்துவது இதற்காகவும்தான். மரம் மண்ணைப் பிடிக்கும், நிழலால் நீரையும் குளிர்விக்கும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர்த் தண்ணீரில் ட்ரவுட் பிழைக்காது.

மீனைப் பார்க்க, ஓட்டத்தின் கீழ்ப்பக்கமிருந்து மெதுவாகப் போ. அது மேல்பக்கம் பார்த்து நிற்கும். உன் நிழல் தண்ணீரில் விழ வேண்டாம். எந்தப் பாறைக்குப் பின்னால் பார்த்தாய் என்று படம் போட்டு எடுத்து வா.

அன்புடன்,
மாமா