சிறுநீர்த் தொல்லையை மறைக்க வேண்டாம், பெரியவர்களே!



நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர். சிப்காட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபஜ்ருக்கு முதல் வரிசையில் நிற்பவர், சில மாதங்களாகப் பள்ளிவாசலுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று நாமும் எண்ணிவிட்டோம். ஓர் இரவு சிறுநீர் அடியோடு அடைபட்டு, மருத்துவமனையில் டியூப் போட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. சிறுநீர் சொட்டி உடை அசுத்தமாகிறது என்ற கூச்சத்தில் ஒதுங்கியிருக்கிறார். மகனிடம்கூடச் சொல்லவில்லை.

என்ன காரணம்?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி இருக்கிறது. 50 வயதுக்கு மேல் இது பலருக்கும் பெருத்துக் குழாயை நெருக்கும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல.

அறிகுறிகள்

இரவில் பலமுறை எழுவது, சிறுநீர் வரத் தாமதமாவது, வேகம் குறைவது, முடிந்த பின்னும் சொட்டுவது, முழுவதும் போகாதது போன்ற உணர்வு. சர்க்கரை நோயிலும் அடிக்கடி சிறுநீர் போகும். எனவே அதையும் சோதிக்க வேண்டும்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலுடன் எரிச்சல், சிறுநீர் அடியோடு நிற்பது ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சிகிச்சை

சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தருவார். பி.எஸ்.ஏ. கூடியிருந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். வீக்கத்தாலும் கிருமியாலும் அது கூடும். பலருக்கு மாத்திரையே போதும். சில மாத்திரைகளால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், மெதுவாக எழுங்கள். தேவைப்பட்டால் வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

பயந்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். பகலில் குடித்து, இஷாவுக்குப் பின் தண்ணீரையும் தேநீரையும் குறையுங்கள். சளி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். சில மாத்திரைகள் அடைப்பை உண்டாக்கும்.

எங்கே செல்வது?

முதலில் ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ, 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். ஈ.எஸ்.ஐ.யில் குறைந்தது 5 ஆண்டுகள் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி பெறலாம். பலர் இதை அறியாமலே தனியாரிடம் செலவழிக்கிறார்கள்.

தொழுகை

தொடர்ந்து சொட்டுபவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. சுத்தம் செய்து, பஞ்சோ துணியோ வைத்து, தொழுகை நேரம் வந்த பின் ஒளூ செய்து தொழலாம். விவரத்தை இமாமிடம் தனியாகக் கேளுங்கள். நோயைக் காரணமாக்கித் தொழுகையை விட வேண்டியதில்லை.

பிள்ளைகளே, தந்தை இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று கவனியுங்கள். அவராகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் இப்போது மாத்திரையோடு நலமாக, மீண்டும் முதல் வரிசையில் நிற்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.