அச்சமும் பரிவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உணவு, உறக்கம், அச்சம், காமம் ஆகிய நான்கும் மனிதர்க்கும் விலங்குகட்கும் பொது என்பர் பெரியோர். இவற்றுள் அச்சம், உடலைக் காப்பதற்காகப் பிறவியோடு வந்தது. பாம்பைக் கண்டால் நினைப்பதற்கு முன்பே கால் பின்வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் அந்த ஒன்றையே பற்றி நிற்கிறது. இக்கால உளவியலாரும் இதனை உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பூக்கம் என்றே கொள்வர்.

இங்கு நம்மிற் பலர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. எம்பெருமானே ரக்ஷகன் என்று சரணம் புகுந்த பின்பும் அச்சம் நீங்கவில்லையே! மருத்துவரின் சொல்லுக்குக் காத்திருக்கையில் உடல் நடுங்குகிறது. தொலைதேசத்தில் வாழும் பிள்ளையிடமிருந்து செய்தி வரத் தாமதித்தால் உறக்கம் வருவதில்லை. நமக்கு மஹாவிச்வாஸம் இல்லையோ? இதற்கான விடையைப் பெரியாழ்வாரின் சரித்ரத்தில் காண்போம்.

மதுரையில் வல்லபதேவ பாண்டியனின் சபையிலே பரதத்வத்தை நிர்ணயம் செய்து, ஆழ்வார் பொற்கிழியைப் பெற்றார். அரசன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். பிள்ளை பெற்ற சிறப்பைக் காண வரும் தாய்தந்தையரைப் போலே, எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் எழுந்தருளி வானில் காட்சி கொடுத்தான். வேறொருவராயின் தமக்கு வேண்டியதைக் கேட்டிருப்பர். ஆழ்வாரோ அஞ்சினார். காலம் ஆளும் இந்நிலத்திலே, எல்லார் கண்ணுக்கும் இலக்காகும்படி இவ்வழகன் வந்து நிற்கிறானே, என்ன தீங்கு நேருமோ என்று பதறினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு 12 பாசுரங்களாகத் திருப்பல்லாண்டு அருளிச்செய்தார்.

அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சும் இதனை ‘அஸ்தாநே பயசங்கை’ என்பர் நம் பூர்வர்கள். ஆழ்வார்க்கு எம்பெருமானின் ஸர்வசக்தித்வம் தெரியாதோ? சற்றுமுன் சபையில் அதனை நிலைநாட்டியவரே அவர்! அறிவு போய்விடவில்லை, அன்பு அதனை விஞ்சிற்று. ஞானதசையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர் என்னும் முறை அதனதன் இடத்தில் நிற்கும். ப்ரேமதசையில் அது தலைகீழாகும் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் விளக்குகிறார்.

கங்கைக்கரையில் பெருமாள் கண்வளர்ந்த இரவை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். காவல் நின்ற இளையபெருமாளையே குஹப்பெருமாள் ஐயுற்றார். அவ்விருவரையும் ஐயுற்றுக் குஹனின் பரிவாரம் விழித்திருந்தது. கரதூஷணர்களோடு 14,000 அரக்கர்கள் எதிர்க்கப் பெருமாள் தனியே நின்றதைக் கதையாகக் கேட்ட குலசேகரப்பெருமாள், துணைசெய்யத் தம் சேனையைப் புறப்படச் சொன்னார். இவர்களுக்கும் நெஞ்சு படபடத்தது, உறக்கம் கெட்டது. பாம்பைக் கண்டவனின் அச்சத்துக்கும் இதற்கும் உடலளவில் வேறுபாடு இல்லை. யாருக்காக என்பதில்தான் வேறுபாடு. அச்சம் அழியவில்லை, இடம் மாறிற்று.

ஆகவே, நடுக்கம் வந்ததைக் கொண்டே நம் விச்வாஸத்தை அளக்க வேண்டியதில்லை. நடுங்குவது இவ்வுடலின் இயல்பு. பிள்ளைக்காகத் தாய் அஞ்சுவதும் அன்பின் காரியமே. ஆராய வேண்டியது அவ்வச்சத்தின் வேரை. ‘என்னையன்றி இவனைக் காப்பார் இல்லை’ என்று அது சொல்லுமாயின், அங்கே அஹங்காரம் புகுந்துவிட்டது. அது ஸ்வரூபத்துக்குச் சேராது. செய்ய வேண்டியதைச் செய்து, ‘இவனும் உன் உடைமை’ என்று அவன்பால் விடுமாயின், அது ஸ்வரூபத்துக்குச் சேர்ந்ததே.

நித்யானுஸந்தானத்தை நாம் திருப்பல்லாண்டால் தொடங்குகிறோம். அச்சம் மிகுந்த நாளில் அதனைச் சற்று நிதானமாக ஸேவித்துப் பார்ப்போம். நம் துயரையே சுற்றிக்கொண்டிருந்த நெஞ்சு, சிறிது நேரமேனும் அவனுடைய நலத்தை நினைக்கும். வந்த துன்பம் உடனே விலகும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதனிடையிலும் அவனுக்கு உறவினராக நிற்கப் பெறுகிறோம்.

இதனை எழுதிய பிள்ளை லோகாசார்யர் வாழ்ந்தும் காட்டினார். 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தின்மேல் படையெடுப்பு நேர்ந்தபோது, முதிர்ந்த திருமேனியோடு நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். அரங்கம் திரும்பாமலே, மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். உலகைக் காப்பவனைத் தாம் காக்கவேண்டும் என்று பதறிய அவருடைய அச்சத்தில் ஒரு துளியேனும் நமக்கு வாய்க்குமாறு, அவர் திருவடிகளையே பற்றுவோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.