சின்ன பேக்கரிக்கு ஏற்ற மாவு பிசையும் மெஷின்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

விடியற்காலையில் மைதாவைக் கையால் பிசைந்து பன், ரஸ்க் போடும் சின்ன பேக்கரிகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. தோள்வலி என்று மாஸ்டர் ஒருநாள் வரலைன்னா அன்றைக்கு வியாபாரமே நின்றுவிடும். அதற்காகப் பெரிய மெஷினை வாங்கிப் போட்டால் கடன்தான் ஏறும். சரி, எதைப் பார்த்து வாங்குவது? பட்டறையில் செய்யச் சொன்னால் என்ன கேட்பது?

அளவு: 10 கிலோ மைதாவுக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீர் என்றால், பிசைந்த மாவு 16 கிலோ. மெஷினின் கொள்ளளவு மைதாவுக்கா, பிசைந்த மாவுக்கா என்று கேளுங்கள். பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகப் போட்டால் மாவு கொக்கியில் பிடிக்காது.

சூடு: பிசையும்போது உராய்வில் மாவு சூடாகும். பன் மாவு 27 டிகிரியில் முடிய வேண்டும் என்று வைப்போம். 27-ஐ 3 ஆல் பெருக்கினால் 81. அதில் மைதாவின் சூடு 31, அறையின் சூடு 32, உராய்வு 10 ஆகியவற்றைக் கழித்தால் 8. அதாவது 8 டிகிரி ஐஸ் தண்ணீர் வேண்டும்! வேகம் கூடினால் உராய்வும் கூடும். அதனால் மெதுவாகச் சுற்றும் மெஷினே நம் வெயிலுக்கு நல்லது.

மிச்சம் பிடிக்கலாம்: வெளிச்சட்டம் பெயின்ட் அடித்த சாதா இரும்பாக இருக்கலாம். சிங்கிள் பேஸ் மோட்டார், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் அளவில் பெல்ட், பேரிங் போதும். பழுதானால் அன்றைக்கே மாற்றிவிடலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாது: மாவு படும் பாத்திரமும் கொக்கியும் உணவுக்கு ஏற்ற எவர்சில்வராக இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் மோட்டார் நிற்க வேண்டும். கை எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்த பட்டன், முறையான எர்த் இணைப்பு இரண்டும் கட்டாயம். சட்டைக் கை சிக்கினால் கையும் சேர்ந்து போகும்.

மானியம்: மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம் (2020), வங்கிக் கடனுடன் இணைந்த 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கடன் ஒப்புதலுக்கு முன்பே மெஷினை வாங்கிவிடாதீர்கள்.

முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் கடை மைதாவை எடுத்துப்போய் ஒருமுறை பிசைந்து பாருங்கள். மாவின் சூட்டையும் அளந்துவிடுங்கள்.