தோட்டத்து மகிழ்ச்சியை அளப்பது எப்படி? முதன்முறை கருத்தாய்வு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியப் புள்ளிவிவரத் துறை 2021-இல் நாட்டு மக்களின் மகிழ்ச்சியை அளந்து 10-க்கு 6.56 என்றது. குடும்பம், வீடு, வருமானம், உடல்நலம் என 13 கூறுகள் சேர்ந்த கணக்கு அது. லிங்கியிலோ லாபுவிலோ பஹாவிலோ தோட்ட லயத்தில் வாழும் ஒருவர் அந்த 6.56-இல் எங்கே நிற்கிறார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. தெரிய வேண்டுமானால் நாமே போய்க் கேட்க வேண்டியதுதான். கோவில் கமிட்டியோ தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களோ தாராளமாகச் செய்யலாம்.

படி 1: யார் தோட்ட மக்கள்?

இன்று பல லயங்களில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பால்மரமும் செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களில் நம்மவர்கள் சிரம்பான், நீலாய் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்துவிட்டார்கள். இப்படிப் பெயர்ந்தவர்களையும் சேர்ப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சேர்ப்பதே சரி என்பேன்.

அறுபது வீடுதான் என்றால் எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள். பெரிய ஊரென்றால் பட்டியல் போட்டு ஐந்துக்கு ஒரு வீடு. 100 பேரைக் கேட்டால் விழுக்காட்டில் 10 புள்ளிவரை முன்பின் ஆகலாம். 400 பேர் என்றால் 5. திருவிழாக் கூட்டத்தில் தாளை நீட்டாதீர்கள். படுக்கையில் கிடப்பவர் திருவிழாவுக்கு வரமாட்டார்.

படி 2: ஏணிக் கேள்வி

அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965-இல் வெளியிட்ட நூலில் வரும் கேள்வி இது. 2012 முதல் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவதும் இதை வைத்துத்தான். பேச்சுத் தமிழில் கேளுங்கள்:

“ஐயா, ஒரு ஏணின்னு வச்சுக்குங்க. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ரொம்ப நல்ல வாழ்க்கை உச்சியில, பத்து. ரொம்ப மோசமானது அடியில, பூஜ்யம். இப்போ எந்தப் படியில நிக்கிறீங்க?”

தாளில் ஏணியை வரைந்து விரலால் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். “எனக்கென்னப்பா, பிள்ளைங்க நல்லா இருந்தா போதும்” என்று ஒரு பாட்டி சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக எட்டு போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கேள்வி முதலில் வரவேண்டும். அரசியல் கேள்விக்குப் பிறகு ஏணியைக் காட்டினால் மதிப்பெண் இறங்குகிறது என்று பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் அமெரிக்கத் தரவுகளில் கண்டார். நம் ஊரில் சம்பளப் பேச்சை முதலில் எடுத்தாலும் அதே கதி ஆகலாம்.

படி 3: தன்னிறைவைத் தனியாகக் கேளுங்கள்

“தன்னிறைவா இருக்கீங்களா?” என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். பூட்டான் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: 9 துறைகள், 33 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் “இவ்வளவு இருந்தால் போதும்” என்று ஓர் எல்லை. குறியீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்காவது எல்லையைத் தொட்டவரையே மகிழ்ச்சியானவர் என்று எண்ணுகிறார்கள்.

எல்லை எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலேசியாவில் 2016-இன் வறுமை முதலில் 0.4 விழுக்காடு. மாத வறுமைக் கோட்டை 980 ரிங்கிட்டிலிருந்து 2,208-க்கு உயர்த்திய 2019-இன் புதிய முறையில் அதே 2016-க்கு 7.6!

தோட்டத்துக்கு என் கேள்விகள்: சம்பளம் நின்றால் எத்தனை மாதம் அடுப்பெரியும்? கடைப் பாக்கி இந்த மாதம் தீர்ந்ததா? வீடு யார் பெயரில்? வேலை போனால் வீடும் போகுமா? கடைசிக் கேள்விக்கு அவசரப்படாமல் காத்திருங்கள். பதில் மெதுவாகத்தான் வரும்.

படி 4: கேட்கும் இடம்

கிராணியோ மண்டோரோ பக்கத்தில் நின்றால் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். வேலை முடிந்து குளித்து, பசியாறிய பிறகு போங்கள். மருமகளிடம் மாமியார் முன்னால் கேட்க வேண்டாம். பெண்களைப் பெண்களே கேட்கட்டும். தாளில் பெயர் எழுதாதீர்கள்.

படி 5: கணக்கு

சராசரியோடு நிற்காதீர்கள். 5, 5, 5, 5-க்கும் 1, 1, 9, 9-க்கும் சராசரி ஒன்றே. நாலாம் படிக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு ஏணியையும் வீட்டுக் கேள்வியையும் ஒரே கட்டத்தில் போடுங்கள். எட்டாம் படியைத் தொட்டுக்காட்டியும் சொந்த வீடில்லாதவர்களைத் தனியாக எண்ணி, கோவில் மண்டபத்தில் முடிவைச் சொல்லும்போது அந்த எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள்.