ரெம்பொறலிற்றீஸ்: கோயிற்சொத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்

ஆலய வழக்குகளிலும் பழைய அரச அறிக்கைகளிலும் 'ரெம்பொறலிற்றீஸ்' என்னும் ஆங்கிலச் சொல் காணப்படும். சமய நிறுவனம் ஒன்றுக்குரிய காணி, கட்டடம், நகை, வருமானம் ஆகிய உலகியற் பொருள்களை இது குறிக்கும்.

இலத்தீன் மொழியில் 'ரெம்புஸ்' என்றால் காலம். நிரந்தரமில்லாத வேலையை ஊரவர் 'ரெம்பரறி' வேலை என்பர். அச்சொல்லும் இவ்வேரிற் பிறந்ததே. எனவே 'காலத்துக்கு உட்பட்டவை' என்பதே இதன் அடிப்படைப் பொருள். மத்தியகால இங்கிலாந்தில் ஆயர்களின் நிலபுலங்களை இச்சொல்லால் அழைத்தனர். ஆயர் இறந்தால், அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை அவை மன்னர் கையில் இருக்கும்.

பிரித்தானியர் ஆட்சியில் இச்சொல் இலங்கைச் சட்டத்திலும் புகுந்தது. பௌத்த விகாரைச் சொத்துக்கள் பற்றிய கட்டளைச்சட்டம் 1889 இல் இப்பெயருடன் ஆக்கப்பட்டது. 1931 இல் புதிய சட்டம் வந்தது. இந்து ஆலயச் சொத்துக்களை ஆராய்ந்த விசேட குழுவின் அறிக்கை 1951 இல் வெளியாயிற்று. எனினும் இந்து ஆலயப் பிணக்குகள் பெரும்பாலும் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின்படியே விசாரிக்கப்படுகின்றன. ஆலயத்தில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடவும், கணக்குக் காட்டும்படி கோரவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

யாழ்ப்பாணத்தவர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தனர். விளக்கெரிக்கவும் பூசை நடத்தவும் வயலையும் பனங்காணியையும் எழுதிவைத்த உறுதி 'தருமசாதனம்' எனப்பட்டது. ஆங்கிலச் சொல் பொருளின் நிலையாமையைச் சுட்ட, தமிழ்ச் சொல் கொடுத்தவரின் நோக்கத்தைச் சுட்டுகிறது.

சைவசித்தாந்தம் கூறும் 36 தத்துவங்களுள் காலமும் ஒன்று. வித்தியா தத்துவங்கள் ஏழனுள் அது அடங்கும். ஆன்மா அதற்குக் கட்டுப்பட்டது, இறைவனோ காலகாலன். தருமகர்த்தாவும் பரிபாலனசபையும் காலத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே அவர்கள் கோயிற்சொத்துக்குக் காவலரேயன்றி உடையவர் அல்லர். 'சிவன் சொத்துக் குலநாசம்' என்று முன்னோர் அஞ்சியதும் இதனாலேயே.

அச்சம் மட்டும் சொத்தைக் காவாது, பத்திரமும் வேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீடுகளோடு பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. ஆலய உறுதியும் ஒருவர் வீட்டுப் பெட்டியில் மட்டும் கிடந்தால், அப்பெட்டியோடு அதுவும் போய்விடும். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வது சட்டமுறை. அதன் விபரத்தை ஆலய ஏட்டிலும் குறித்துவைத்தல் நன்று. நகைகளின் நிறையும் காணிகளின் பரப்பும் அவ்வாறே எழுதப்பட்டு, ஆண்டுதோறும் அடியார் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும்.

பொறுப்பேற்றவர் மாறுவர், ஏற்றிய விளக்கு அணையாதிருக்க வேண்டும். தருமசாதனம் எழுதியோர் விரும்பியது அதுவே.