ஊர்தியும் எண்பலகையும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் பெருவழியில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. அங்கே இரவும் பகலும் ஊர்திகள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. அவை எங்கே பதிவு பெற்றவை என்பதை அவற்றின் எண்பலகைகளே உரைக்கும்.

பலகையின் முதலில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகள் மாநிலத்தைச் சுட்டும். டி.என். என்பது தமிழ்நாடு, கே.ஏ. என்பது கருநாடகம், கே.எல். என்பது கேரளம். அடுத்த ஈரிலக்க எண் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரியது. தருமபுரிக்கு 29, ஓசூருக்கு 70. 2004 ஆம் ஆண்டுவரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாய் இருந்த கிருட்டிணகிரிக்கு 24. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பின்னர், இம்முறை நாடெங்கும் நிலைபெற்றது.

நிறமும் பொருள் உடையது. சொந்த ஊர்திக்கு வெண்பலகை. வாடகை ஊர்திக்கும் சரக்கு ஊர்திக்கும் மஞ்சட்பலகை. மின்னாற்றலால் இயங்கும் ஊர்திக்குப் பச்சைப்பலகை.

இவ்வழக்கத்துக்கு முன்னோடி பாரிசு நகரம். அங்கே 1893 ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளுக்குப் பலகை கட்டாயமாக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1904 சனவரி முதல் பதிவெண் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்நாட்டு ஊர்திகளின் முன்பலகை வெண்மையும் பின்பலகை மஞ்சளும் ஆகும். செருமனியில் எழுத்துகள் ஊரைச் சுட்டுகின்றன. ஆம்பர்க்கு நகரத்தார், தம் நகரம் பழைய அன்சா வணிகக் கூட்டணியைச் சேர்ந்தது என்பதை நினைவூட்டும் வகையில் எச்.எச். என்னும் எழுத்துகளைப் பொறித்துள்ளனர். அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு வடிவம் வகுத்துக் கொண்டுள்ளது.

நாட்டுக்கு நாடு முறை வேறுபடினும் நோக்கம் ஒன்றே. கணவாயின் இறக்கத்தில் ஓர் ஊர்தி வழிப்போக்கன் ஒருவனை மோதிவிட்டு நில்லாது விரைந்ததாகக் கொள்வோம். ஓட்டியவன் முகத்தை எவரும் கண்டிலர். ஆயினும் சாலையோரம் நின்ற சிறுவன் ஒருவன் எண்ணை மனத்தில் பதித்துக் கொள்வானாயின், அவ்வெண்ணே உரியவரைக் காட்டிக் கொடுக்கும். அடிபட்டவனுக்கு நீதியும் இழப்பீடும் கிடைக்க வழி பிறக்கும். சேறு படிய விட்டும், பொய்யெண் பொறித்தும் பலகையை மறைப்போர், பிறர்க்குத் தாம் ஆற்ற வேண்டிய பொறுப்பையே மறைக்கின்றனர். பெருவழி எல்லார்க்கும் பொது. அதில் செல்வோர் தம்மை இன்னார் என அறிவித்துச் செல்வதே அறம்.