டிபரன்ஷியலில் எண்ணெய்க் கசிவு: வீட்டிலேயே சீல் மாற்றும் முறை

திருமழிசை, பூந்தமல்லிப் பக்கத்து விவசாயிகள் பலர் கீரை, காய்கறிகளைச் சொந்த வண்டியிலேயே கோயம்பேட்டுக்கு ஏற்றிச் செல்கின்றனர். மினி லாரி, ஜீப், 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடர் கார் ஆகியவற்றில் பின் அச்சின் நடுவே உருண்டையான கூடு இருக்கும். அதுவே டிபரன்ஷியல். அதில் எண்ணெய் வற்றினால் கிரவுன், பினியன் பற்கள் கெட்டுவிடும். சீல் மாற்றுவதைப்போல் பல மடங்கு செலவாகும்.

கசிவு எங்கே?

டீசல் நனைத்த துணியால் கூட்டைச் சுத்தமாகத் துடையுங்கள். 5 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். புரொபெல்லர் ஷாப்ட் சேருமிடத்தில் ஈரம் தெரிந்தால் பினியன் சீல் போய்விட்டது. சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்தால் பிரேக் லைனிங் நனைந்து பிரேக் பிடிக்காது. அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

முதலில் காரணம்

அச்சின் மேலுள்ள சிறு காற்றுத் துளை சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் சீலைத் தாண்டி வெளிவரும். எண்ணெய் அளவுக்கு மிஞ்சினாலும் கசியும். துளையைச் சுத்தம் செய்து, அளவைச் சரிசெய்தபின் ஓரிரு நாள் கவனியுங்கள். கசிவு நின்றால் சீல் மாற்றத் தேவையில்லை.

சீல் மாற்றுதல்

1. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சின் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி அடியில் நுழையக் கூடாது.

2. ஷாப்ட்டும் பிளாஞ்சும் சேருமிடத்தில் அடையாளமிட்டு ஷாப்ட்டைக் கழற்றுங்கள்.

3. நடு நட்டு, பினியன் முனை, பிளாஞ்சு மூன்றிலும் ஒரே நேர்க்கோடு இடுங்கள். நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். இதுவே முக்கியம்.

4. தட்டு வைத்து எண்ணெயை ஏந்தி, நட்டையும் பிளாஞ்சையும் கழற்றுங்கள். சீல் உட்காரும் இடம் கீறாமல் பழைய சீலை நெம்புங்கள்.

5. பிளாஞ்சில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் பிளாஞ்சையும் மாற்ற வேண்டும். இல்லாவிடில் புதுச் சீலும் கசியும்.

6. புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, உதடு உள்நோக்கி இருக்குமாறு மரக்கட்டையால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

7. நட்டைப் பழைய கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். சில வண்டிகளில் உள்ளே நசுங்கும் குழாய் ஒன்று இருக்கும். நட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெடும்; பிறகு தளர்த்தினாலும் பயனில்லை. கோடு இடாமல் கழற்றியவர்கள் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

கடைசியாக

சீல் வாங்கப் பழைய சீலையே எடுத்துச் செல்லுங்கள். அதில் பொறித்த எண்ணையும் அளவையும் ஒத்துப் பார்க்கலாம். உள்ளூரில் கிடைக்காவிடில் சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரிக்கலாம். வண்டியைச் சமதரையில் இறக்கி, கையேட்டில் குறிப்பிட்ட வகை எண்ணெயை நிரப்புத் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றினால் போதும். கழிவு எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

டிராக்டரின் பின் அச்சு அமைப்பு வேறு; இம்முறை அதற்குப் பொருந்தாது.